ஆயுத பூஜையன்று பெல்ட் ஏன் முனுசாமி வீட்டுக்குப் போகிறது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். உன் கடிதம் வந்தது. திருவொற்றியூரில் பட்டறைக்கு இடம் பிடித்துக் கூரையும் போட்டாயிற்று, வருகிற ஆயுத பூஜையன்று முதல் பூஜை, மறுநாள் விஜயதசமியில் வேலை தொடக்கம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நம் வீட்டு வழக்கப்படி பூஜை செய்ய என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். டோல்கேட் பூக்காரரிடம் பெரிய மாலையாக ஒன்றுக்கு ஏற்பாடு செய்யவும் கேட்டிருக்கிறாய். கூடவே, போகிற போக்கில் இரண்டு வரி. தொழிலாளர் நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ் விற்க ஓர் ஏஜெண்டு வந்தாராம், காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாயாம். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்தால் அந்தச் சட்டம் நம் பக்கம் எட்டிப் பார்க்காது என்று உன் கணக்குப்பிள்ளை சொன்னாராம். தவிரவும், பூஜையை முறையாகச் செய்கிற நம் வீட்டில் இயந்திரம் யாரையும் தீண்டியதில்லையாம். இந்தக் கடிதம் அந்த இரண்டு வரிக்குத்தான் பதில். பூஜைச் சாமான் விவரம் கடைசியில் வரும், அல்லது வராது. உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் பக்கத்தில் புதிதாகப் பட்டறை போடுகிற மற்றப் பிள்ளைகள் பிரித்துப் படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் உன் கணக்குப்பிள்ளை. அவர் சொன்னது சரி. பத்தாவது ஆள் வேலைக்குச் சேரும்வரை மற்ற ஒன்பது பேருடைய விரல்களும் ரப்பரால் ஆனவை என்று சட்டம் நம்புகிறது. சட்டம் நம்பலாம், அது லேத்தில் நின்று வேலை செய்வதில்லை. ஒன்பது பேருக்கும் விருப்பப்பட்டுப் பாலிசி எடுக்கக் கம்பெனிகள் மறுப்பதில்லை என்பதையும் உன் கணக்குப்பிள்ளை சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு ஞாபக மறதி. இன்ஷூரன்ஸ் அவருக்கு வேண்டியதில்லை, அவர் கையில் இருப்பது பேனா.

இரண்டாவது, நம் வீட்டு இயந்திரம் யாரையும் தீண்டியதில்லை என்று நீ எழுதியது. நம் வாசலில் காவல் இருக்கிற முனுசாமிக்கு வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இல்லை என்பது உனக்குத் தெரியும். காத்திவாக்கத்தில் கடலுக்குப் போனபோது சுறா கடித்தது என்று அவன் உன்னிடம் சொன்னான். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகவே எழுதிப் பரிசும் வாங்கினாய். முனுசாமி மீனவக் குடும்பம்தான். ஆனால் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறான் என்று அவன் தகப்பனாரே இரும்பு வேலைக்கு அனுப்பிவைத்தார். சுறாவும் அவனும் சந்தித்தது மீன் அங்காடியில் மட்டும்தான். உன்னிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. நீ கேட்கவில்லை, சுறா கதை நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது உன்னைத் தென்காசிப் பக்கம் உன் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். குண்டு பயம் தணிந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள், உன் படிப்பு கெடக்கூடாது என்று உன்னை மட்டும் அங்கேயே விட்டிருந்தோம். நம் பட்டறைக்கு அப்போது நல்ல காலம், ஆட்களும் பத்துப் பேருக்கு மேல். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் சங்கிலிகளை மாட்டுகிற கொக்கிகளும், அவற்றுக்கான மரை போட்ட ஆணிகளும் செய்துகொண்டிருந்தோம். கொல்லையில் ஓர் எண்ணெய் எஞ்சின். அதிலிருந்து ஓர் அகலமான தோல் பெல்ட் வந்து மேலே ஓடுகிற தண்டைச் சுற்றும், அந்தத் தண்டு லேத்தையும் துளை போடும் மெஷினையும் சுழற்றும். துறைமுகக் காண்டிராக்டர், ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாத பட்டறைக்கு ஆர்டர் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் உன் அப்பா பாலிசி எடுத்தார். தொலைநோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும்போது, வராத ஐயருக்குக் கொடுக்கிற தட்சிணை என்றுதான் சொல்லுவார்.

பாலிசி ஆங்கிலத்தில் இருந்தது. மெட்ரிகுலேஷன் வரை படித்தவள் என்பதால் அதை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. அதோடு வந்த நஷ்டஈட்டுச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு, அதைப் போல மனித உடம்பை மரியாதையோடு பிரித்து வைத்த எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. கட்டைவிரலுக்கு ஒரு மதிப்பு, ஆள்காட்டி விரலுக்கு அதைவிடக் குறைவு, ஒரு கண்ணுக்கு ஒன்று, முழங்கைக்கு மேலே போனால் ஒன்று, கீழே போனால் வேறொன்று. மீன்காரி தலை, நடுத்துண்டு, வால் என்று பிரித்து வைப்பாளே, அதே நிதானம். உன் அப்பா கேட்டுவிட்டு, “முதுகுவலிக்கு ஒண்ணும் போடலியா?” என்றார். இல்லை என்றேன். “நமக்கு அதுதான வரும்” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை நம் பட்டறையில் பெரிதாக நடந்தது. காரணம் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து இங்கே கட்டிய கோயிலில் வருகிற திருவிழாவுக்கு முதல் மரியாதை உன் அப்பாவுக்கு என்று பேச்சு அடிபட்டது. தென்மாவட்டத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களுக்கு அந்தப் பரிவட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரக் கடைக்காரர், எண்ணெய்க் கடைக்காரர், மரவாடிக்காரர் எல்லோரும் பூஜைக்கு வந்தார்கள். லேத்துக்குப் போட்ட மாலை என் இடுப்பளவு கனம். அவ்வளவு கனத்தை வாழைநார் தாங்காது என்று பூக்காரர் சணல் கயிற்றில் கட்டியிருந்தார். இந்தச் சணலை மறக்காதே. பொரி, கடலை, சந்தனம், வாழைக்கன்று எல்லாம் ஆயிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள். வந்தவர்கள் போனார்கள்.

போன பிறகு துறைமுகத்திலிருந்து ஆள் வந்தான். கப்பல் மறுநாள் விடியற்காலையில் கிளம்புகிறது, பாக்கி ஆணிகள் இன்று மாலைக்குள் வேண்டும் என்றான். இங்கேதான் உன் அப்பாவுக்கு இரண்டு பக்தியும் ஒரே சமயத்தில் வந்தது. ஆர்டரை விட முடியாது. ஆயுத பூஜையன்று இயந்திரத்தை ஓட்டவும் கூடாது. கதவைச் சாத்திவிட்டு ஓட்டினால் ஓட்டியதாக ஆகாது என்று அவருக்கே ஒரு சமாதானம் கிடைத்தது. நம் தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சமாதானம் ஆண்டுதோறும் கிடைப்பதுதான். ஆனால் மாலை? போட்ட மாலையை மறுநாள் மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது. எடுத்தால் அபசகுனம். எஞ்சினை ஓட்டத் துணிந்தவருக்கு மாலையைக் கழற்றத் துணிவு வரவில்லை.

“நைனா, மாலை கெடக்குது பாரு. சுத்திக்கப் போவுது” என்றான் முனுசாமி. அவன்தான் லேத்காரன்.

“அது அங்கனயே கெடக்கட்டும்டா. சாமி பாத்துக்கும். நீ பெல்ட்டைப் போடு.”

“சாமிக்கு இன்னிக்கு லீவு நைனா” என்று சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் போட்டான்.

மாடியில் எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒழுங்காகவே ஓடியது. அப்புறம் மாலையின் நுனி, இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் மாட்டிக்கொண்டது. நாராக இருந்திருந்தால் அறுந்து பூ சிதறியிருக்கும், தரையைப் பெருக்கியிருப்போம். சணல் அறாது. மாலை இழுபடுவதைப் பார்த்து, பூஜை மாலை அறுந்தால் முதலாளிக்கு ஆகாதே என்று முனுசாமி அதைக் காப்பாற்றக் கை நீட்டினான். நான் இறங்கி வந்தபோது எஞ்சின் நின்றிருந்தது. அவன் கையில் ஈரத்துணியைச் சுற்றி ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். லேத்தின் மேல், அந்த நுனியைத் தவிர, சாமந்தி கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது.

ஒரு வாரத்தில் இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கழுத்தில் டை, கையில் தோல்பை, பேச்சில் தேன். விபத்து நடந்த நாளைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“சார், ஆயுத பூஜையன்று உங்கள் பட்டறை விடுமுறைதானே?”

“விடுமுறைதான்.”

“அப்படியென்றால் அன்று அங்கே நடந்தது வேலை இல்லை, வழிபாடு. அந்த ஆள் மாலையைச் சரி செய்யப் போய்க் கையைக் கொடுத்திருக்கிறார். வேலையின்போது, வேலையின் காரணமாக வருகிற காயத்துக்குத்தான் நஷ்டஈடு. பக்தியை நாங்கள் இன்ஷூர் செய்வதில்லை சார்.”

“அப்ப நான் கொடுக்கணுமா?”

“நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? வேலை இல்லையென்றால் உங்களுக்கும் பொறுப்பு இல்லை. இரண்டு பேருக்கும் சௌகரியம்.” பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பூஜை முடிந்ததும் சம்பிரதாயப்படி சாமிக்குக் காட்ட இயந்திரத்தை ஒரு சுற்று சுற்றியதாகவும், தொழிலாளி தன் சொந்த பக்தியினால் மாலையைத் தொட்டதாகவும் அதில் அழகான ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். யோசித்து வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருந்தது என்று கேட்பாய். கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்குச் செலவு இல்லை, உன் அப்பாவுக்கு இல்லை, பூஜை நாளில் இயந்திரம் ஓட்டியவன் என்ற பேரும் இல்லை, பரிவட்டமும் நிச்சயம். அந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் இடம் இருந்தது, முனுசாமியைத் தவிர. வலது கை போன லேத்காரனை இந்தப் பட்டணத்தில் எந்தப் பட்டறை எடுக்கும்? அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். உன் அப்பா கெட்டவர் இல்லை. ஏதாவது செய்யலாம், மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன அந்த ‘ஏதாவது’ எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் முனுசாமியின் மனைவி கன்னியம்மா இறால் கூடையோடு வந்தாள். காத்திவாக்கத்திலிருந்து நடந்தே வந்து தெருத்தெருவாக விற்பவள். கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ஆபீசரு வந்தாராமே, இன்னா எழுதிக்கினு போனாரு என்று கேட்டாள். உன் அப்பா தொண்டையைச் செருமினார். நான் அந்தக் காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என்னிடம் கேட்டது வாசித்துச் சொல்லும் வேலைதான், அதைத்தான் செய்தேன்.

முழுவதும் கேட்டுவிட்டு அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. “மொதலாளி, ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. எம் புருசன் சாமி கும்புட்டுக் கை போச்சுன்னா நான் கோயிலாண்ட போய்க் கேக்கறேன். வேல செஞ்சிகினு போச்சுன்னா ஒங்காண்ட கேக்கறேன். எங்க போய் நிக்கணும்னு மட்டும் சொல்லிடு. கூடைய வச்சிகினு ரெண்டு எடத்துக்கும் நடக்க முடியாது. எறா கலீஜாப் பூடும்” என்றாள்.

உன் அப்பா எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு டிராம் ஏறி, இன்ஸ்பெக்டரின் ஆபீசுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “நாந்தான் பெல்ட்டைப் போடச் சொன்னேன். மாலையைக் கழட்டாண்டாம்னு சொன்னதும் நாந்தான்” என்றிருக்கிறார். இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, “சார், நன்றாக யோசியுங்கள். இது நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் வரும். நாலு பேர் கேட்பார்கள். இயந்திரம் ஓட்டியது உங்கள் உத்தரவு, சரி. மாலையைத் தொட்டது அவன் இஷ்டம்தானே?” என்று கேட்டாராம். “அவன் மாலையைப் பிடிக்கலேன்னா சணல் சுத்தி மெஷின் நின்னுருக்கும். மெஷின் நின்னா என் ஆர்டர் நின்னுருக்கும். அவன் பிடிச்சது மாலையை இல்லய்யா, என் ஆர்டரை” என்றாராம் உன் அப்பா. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதாக எனக்கு வேறு நினைவு இல்லை.

விஷயம் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் போனது. அவர் பொறுமையான மனிதர். மாலை எவ்வளவு நீளம், என்ன பூ, நாரா சணலா, யார் வாங்கியது, எதற்காகக் கழற்றவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பெனி வக்கீல் பக்தியைப் பற்றி வெகுநேரம் பேசினார், கோயிலில் உட்கார்ந்து கேட்டிருந்தால் கண்ணீர் வந்திருக்கும். கடைசியில் கமிஷனர், முதலாளியின் கட்டளைப்படி கழற்றாமல் ஓட்டப்பட்டதால் அந்த மாலை அன்றைய தினத்துக்கு இயந்திரத்தின் ஒரு பாகமே என்று முடிவு சொன்னார். இயந்திரத்தின் பாகத்தைத் தொட்டது வேலைதான். கம்பெனி அட்டவணையைத் திறந்து, விரல்களைக் கூட்டி, கொடுத்தது. அதில்தான் காத்திவாக்கத்தில் முனுசாமி வீட்டுக் கூரை ஓடானது. கன்னியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நம் தெருமுனையில் கடை போட்டதும் அதில்தான்.

பரிவட்டம் மரவாடிக்காரருக்குப் போயிற்று. பூஜை நாளில் இயந்திரத்தை ஓட்டி ரத்தம் சிந்த வைத்தவனுக்கு முதல் மரியாதை கூடாது என்று அவர்தான் கூட்டத்தில் எழுந்து பேசினார். அதே நாள் அதே பிற்பகலில் அவருடைய மரவாடியில் இரண்டு ரம்பங்கள் ஓடிய சத்தத்தை நான் மாடியிலிருந்து கேட்டேன். நல்லவேளை, அவர் வாங்கியது நார் மாலை.

இப்போது நீ, அப்பா நேர்மையானவர், அதனால் எல்லாம் நல்லபடி முடிந்தது, நானும் அவர் பிள்ளைதானே என்று நினைப்பாய். அந்த நினைப்புக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் அப்பா உண்மை சொன்னதற்கு அவருடைய நேர்மை பாதிக் காரணம். மீதிப் பாதி பாலிசி. அந்த உண்மையின் விலையைக் கம்பெனி கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு பரிவட்டம்தான். பாலிசி இல்லாமல் அந்தக் காகிதம் அவர் முன்னால் இருந்திருந்தால், பட்டறையை விற்றுத்தான் உண்மை சொல்ல வேண்டும் என்று இருந்திருந்தால், என்ன செய்திருப்பார்? இத்தனை ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வராமல் போனதுதான் அந்தப் பிரீமியத்தால் கிடைத்த பெரிய லாபம். உன் நேர்மையிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. அதைத் தாங்க முடியாத கனத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தாதே என்று மட்டும் சொல்கிறேன். உன் ஒன்பது பேரில் ஒருவனுடைய கை போய், அவன் மனைவி உன் வாசலில் வந்து எங்கே போய்க் கேட்பது என்று நிற்கும்போது, நீ நல்லவனாக இருப்பது உனக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

இனி நீ கேட்ட பூஜை வழக்கத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜையன்று எஞ்சின் பெல்ட்டைக் கழற்றி, துடைத்து, குங்குமம் வைத்து முனுசாமியின் தோளில் போட்டு அனுப்புகிறோம், மறுநாள் காலையில் அவன் கொண்டுவந்த பிறகுதான் பட்டறை ஓடும், இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். விபத்துக்கு அடுத்த ஆண்டு முனுசாமி வாசல் காவலுக்கு வந்துவிட்டான். பூஜையன்று எல்லோரும் வருவதற்கு முன்பே உன் அப்பா ஏணி போட்டு ஏறி, தானே பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி அவனிடம் கொடுத்தார். “நாளைக்குக் காலைல கொண்டாந்தாப் போதும்” என்றார்.

“இன்னா நைனா, எம்மேல அவ்ளோ நம்பிக்கயா? இல்ல உம்மேல நம்பிக்க இல்லியா?”

“ரெண்டாவதுதாம்ல.”

சாஸ்திரம் அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஏளா, காலம்பறப் பிடிச்சு என்ன எழுதுத?” என்றார். பூஜைச் சாமான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். “சணல்னு எழுதிட்டியா?” என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். “அப்பச் சரி” என்று தாளை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

உன் பட்டறைப் பூஜைக்கும் வர வேண்டும் என்று முனுசாமியிடம் சொன்னேன். உன் பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி மின்சார மோட்டார், பெல்ட்டே கிடையாது என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. “பெல்ட் இல்லாத பட்டறையா? அப்ப நான் இன்னாத்தத் தூக்கிகினு போறது?” என்றான். மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் இருக்கும், அதைக் கழற்றினால் எல்லாம் நிற்கும், சட்டைப் பையில் அடங்கும் என்று சொன்னேன். “அது போதும்மா. வயசாவுது, பெல்ட்டு கனமாத்தான் கீது” என்றான். பூஜையன்று வருவதற்குச் சம்மதித்துவிட்டான். போகிறவன் திரும்பி வந்து, “தம்பி பாலிசி போட்டுச்சா?” என்று கேட்டான். ஃபியூஸ் ஆண்டுக்கு ஒரு நாளைக்குத்தான் காவல், மற்ற நாட்களுக்குப் பாலிசிதான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திருப்பி அனுப்பிய ஏஜெண்டைத் தேடிப் பிடி. அவருக்கு இன்னொரு காப்பி கொடு. உன் மாலையை வாழைநாரில் கட்டச் சொல்வேன், வாசல் நிலைக்குத்தான் போட வேண்டும், மெஷினுக்கு ஒரு பிடி உதிரிப்பூ போதும். டோல்கேட் பூக்காரருக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதுமாம். பாலிசி கைக்கு வந்தது என்று உன் கடிதம் வந்ததும் போய்ச் சொல்கிறேன். இதுவரை சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா